சாட்சி சொல்ல யார் வருவார்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

உயிர் காக்கும் கைகளை நாம் தெய்வத்தின் கைகளாக எண்ணி வணங்குகிறோம். அந்தக் கைகளும் தவறு செய்யக்கூடும் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. அவை தவறே செய்யாதவை என்று சொன்னால் வேறு சிலருக்குச் சிரிப்பு வருகிறது. கோபப்படுவோருக்கும் சிரிப்போருக்கும் நடுவில் நின்று ஒரு சொல் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன். மருத்துவம் அறிந்தவனும் அல்லன். நெய்வேலி நகரியத்தில் பிறந்து, முதல் ஷிப்டுக்கு அப்பா கிளம்பும் ஓசையில் கண்விழித்து வளர்ந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். என் கண்முன் நடந்த ஒன்று என்னைச் சட்டப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. அதைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல இயலாது.

மாமாவின் வலக்கை

என் தாய்மாமன் கொத்தனார். நெய்வேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அவர் கரண்டி படாத வீடு குறைவு என்று அம்மா பெருமையாகச் சொல்வார். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தபோது ஒருநாள் மாலை சாரம் சரிந்து அவர் கீழே விழுந்தார். வலக்கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. பக்கத்து ஊரில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அன்றிரவே மாவுக்கட்டுப் போட்டார்கள்.

இரவெல்லாம் மாமா துடித்தார். விரல்கள் வீங்கின; பிறகு மரத்துப் போயின. "கட்டு இறுக்கமா இருக்குதும்மா" என்று அத்தை நர்சிடம் மூன்று முறை போய்ச் சொன்னார். "எலும்பு முறிஞ்சா வலி இருக்கத்தாங்க செய்யும்" என்ற பதில்தான் மூன்று முறையும் கிடைத்தது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல்களில் உணர்வு இல்லை. வேறு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். கை பிழைத்தது, விரல்கள் பிழைக்கவில்லை. மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. கரண்டி பிடித்த கை இன்று ஒரு தேநீர்க் குவளையையும் பிடிக்காது.

விருத்தாசலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஐயா, நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா கமிஷன்ல நான் வாயால சொன்னா எடுபடாது. இன்னொரு எலும்பு டாக்டர் எழுத்துல சொல்லணும். அந்த லெட்டர வாங்கிட்டு வாங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

அந்தக் கடிதத்தைத் தேடி மாமாவும் நானும் அலைந்த அலைச்சலை என்னால் மறக்க இயலாது. முதலாவது டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். மாமாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். "அன்னைக்கு ராத்திரியே கட்ட வெட்டி விட்டிருக்கணும், தம்பி" என்றார். அதை எழுதித் தரக் கேட்டதும் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு நானும் அவரும் ஒரே மேடையில உக்காரணும் இல்லியா?" என்றார். இரண்டாமவர் விஷயத்தைக் கேட்டதுமே எங்களைப் பார்க்க மறுத்துவிட்டார். மூன்றாமவர், "கேஸ் ஷீட் இல்லாம நான் எதை வச்சுச் சொல்ல?" என்றார். அது நியாயமான கேள்விதான். எங்கள் கையில் இருந்தது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு மட்டுமே. நான்காமவர் அரசு மருத்துவர். அவர் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "கோர்ட்டு கேட்டா நான் சொல்வேன், தம்பி. நீங்க வந்து கேட்டா நான் சொல்லக் கூடாது."

நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டுக் காலமே உண்டு. கடிதத்தைத் தேடியே அந்த இரண்டாண்டும் கழிந்தது. வழக்குத் தொடுக்கப்படவே இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மருத்துவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை முறிவின் கொடுமையே காரணமாக இருந்திருக்கலாம். கட்டு காரணமாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல வல்லவர்கள் வாய் திறக்கவில்லை என்பதுதான் என் குறை. தவறு செய்திருந்தால் அவர் தப்பினார். செய்யாதிருந்தால் எங்கள் ஊரார் வாயில் வீண்பழி சுமந்தார். இரண்டுமே அநீதி அல்லவா?

நிபுணர் கருத்தை ஏன் கேட்கிறார்கள்?

"டாக்டர் செய்த தவறுக்கு இன்னொரு டாக்டரிடம் சான்று கேட்பது திருடனிடமே சாவியைக் கொடுப்பது போல இல்லையா?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். அவ்வளவு எளிதில் இதைத் தள்ளிவிட இயலாது. நிபுணர் கருத்தைக் கேட்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

நீதிபதி சட்டம் கற்றவர். எலும்பையும் நரம்பையும் கற்றவர் அல்லர். நோயாளி இறந்தார் என்பதனாலேயே மருத்துவர் தவறினார் என்று ஆகிவிடாது. முயன்றும் தோற்பது வேறு. முயலாமல் விடுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டத் துறையறிந்தவர் ஒருவர் வேண்டும். 1957-இல் இங்கிலாந்தில் முடிவான போலம் வழக்கு இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. அத்துறையில் பொறுப்புடன் பணிபுரியும் மருத்துவர்கள் சரியென ஏற்கும் முறையில் ஒருவர் நடந்திருந்தால் அவர் கவனக்குறைவுடையவர் ஆகார் என்பதே அந்த அளவுகோல். ஏற்பார்களா, மாட்டார்களா என்பதை அவர்களில் ஒருவர் வந்து சொன்னால்தானே நீதிமன்றத்துக்குத் தெரியும்?

நம் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்ட் 5 அன்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதே அளவுகோலைக் கைக்கொண்டது. 1995-இல் லூதியானாவில் ஒரு மருத்துவமனையில் மூச்சுத் திணறிய முதியவருக்குப் பொருத்திய ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது; அவர் இறந்தார். மருத்துவர்கள் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. உருளை இல்லாமைக்கு மருத்துவமனை நட்டஈடு தரக் கடமைப்பட்டிருக்கலாம். ஆனால் மருத்துவர்களைக் குற்றவாளிகளாக்க அது போதாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அதோடு ஒரு நெறியையும் வகுத்தது. தனிநபர் ஒருவர் மருத்துவர்மீது குற்றப் புகார் கொண்டு வந்தால், தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்தும் உடன் இருக்க வேண்டும். போலீசார் விசாரித்தாலும், இயன்றவரை அரசுப் பணியில் உள்ள அத்துறை மருத்துவரிடம் நடுநிலையான கருத்தைப் பெற வேண்டும்.

இந்த நெறி மருத்துவர்களுக்குக் காட்டிய சலுகை என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் 2022 மார்ச் மாதத்தை நினைவுகொள்ள வேண்டும். ராஜஸ்தானின் லால்சோட்டில் பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்தார். சிகிச்சை அளித்த பெண் மருத்துவர்மீது கொலை வழக்கே பதிவு செய்யப்பட்டது. அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். நம் சென்னையிலும் 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். உண்மையை எடைபோடும் இடம் இல்லாத ஊரில் வதந்தியும் கத்தியும்தான் தீர்ப்புச் சொல்லும். அப்படி அஞ்சி வாழும் மருத்துவர், கடினமான நோயாளியைத் தொடவே தயங்குவார். "கடலூருக்குக் கொண்டு போங்க, ஜிப்மருக்குக் கொண்டு போங்க" என்று ஆம்புலன்சில் ஏற்றிவிடுவார். வழியில் போகும் உயிர் நம்மைப் போன்றவர்களின் உயிர்தானே?

ஆகவே நிபுணர் கருத்து வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைத் தேடிக் கொண்டுவரும் பாரத்தை யார் சுமப்பது என்பதுதான் என் கேள்வி.

உச்ச நீதிமன்றத்தின் இருவேறு குரல்கள்

இந்தக் கேள்வி நம் நாட்டில் புதிதன்று. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெய்வேலி போன்ற தொழில் நகரத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் அத்தீர்ப்பில் உண்டு. பணி நிபந்தனையின் ஒரு பகுதியாகத் தொழிலாளியின் மருத்துவச் செலவை முதலாளி ஏற்றால், அது இலவசச் சேவை ஆகிவிடாது, அத்தொழிலாளியும் நுகர்வோரே. சிக்கலான சில வழக்குகளில் நிபுணர்களை விசாரிக்க நேரலாம், ஆனால் எல்லா வழக்குகளும் அப்படிப்பட்டவை அல்ல என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

பிறகு 2009-இல் மார்ட்டின் டிசூசா வழக்கில் வேறொரு குரல் எழுந்தது. மருத்துவர்மீது புகார் வந்தால், அவருக்கு நோட்டீசு அனுப்பும் முன்பே தகுதியுள்ள மருத்துவரிடமோ குழுவிடமோ நீதிமன்றமும் ஆணையமும் கருத்துக் கேட்டாக வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அடுத்த ஆண்டே, 2010 மார்ச் 8 அன்று, கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது.

அந்த வழக்கு ஐதராபாத்தைச் சேர்ந்தது. குளிரும் காய்ச்சலும் விட்டுவிட்டு வந்த ஒரு பெண்மணிக்கு டைபாய்டு என்று கருதிச் சிகிச்சை அளித்தனர். நிலை மோசமாகி வேறு மருத்துவமனைக்கு மாற்றியபோது மலேரியா எனத் தெரிந்தது. அவர் இறந்தார். கணவர் பணிபுரிந்ததோ மலேரியாத் துறையில்! மாவட்ட மன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கியது. நிபுணர் சாட்சி இல்லை என்று சொல்லி மாநில ஆணையம் அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. தவறு தானே பேசும் இடத்தில் நிபுணர் வந்து பேச வேண்டியதில்லை. எல்லா வழக்கிலும் நிபுணரைக் கட்டாயமாக்கினால் சாமானிய மக்களுக்காக இயற்றிய சட்டமே பயனற்றுப் போகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நல்ல தீர்ப்பு. ஆனால் என் மாமாவுக்கு அது போதுமா? வலக்காலுக்குப் பதில் இடக்காலை அறுத்தால் தவறு தானே பேசும். வயிற்றில் கத்தரிக்கோலை வைத்துத் தைத்தால் தானே பேசும். மாவுக்கட்டின் இறுக்கமா, முறிவின் கொடுமையா என்ற கேள்வி தானே பேசாது. அங்கே நிபுணர் வேண்டும். அந்த இடத்தில்தான் ஏழை கைவிடப்படுகிறான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இன்னும் கடுமையான சட்டம் உண்டு. எதிர்த்தரப்பு மருத்துவர் பதில் தாக்கல் செய்த 120 நாட்களுக்குள் வழக்காடுபவர் நிபுணர் அறிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் மறுபடியும் தொடுக்க முடியாதபடி வழக்குத் தள்ளுபடியாகும். எதிர்த்தரப்பின் வக்கீல் செலவையும் ஏற்க வேண்டும். ஆனால் அங்கே வழக்கறிஞரே தம் கைப்பணத்தைப் போட்டு நிபுணரை அமர்த்தி, வென்ற தொகையில் பங்கு பெறுவது வழக்கம். நம் நாட்டு வழக்கறிஞர் ஒழுக்க விதிகள் அப்படிப் பங்கு பேசுவதை அனுமதிப்பதில்லை. அந்நாட்டு நிபந்தனையை மட்டும் இங்கே கொண்டு வந்து, அந்நாட்டு வசதியை விட்டுவிட்டால் கொத்தனார் எங்கே போவார்?

அப்பா சொன்ன சொல்

இரண்டாண்டு கழிந்து, காகிதங்களை எல்லாம் அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிய அன்று இரவு, சாப்பிட்டுக் கொண்டிருந்த அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "சுரங்கத்துல ஒரு ஆளு செத்துட்டா, இன்ஸ்பெக்டரு தானா வந்து எறங்குறாரு. 'நீ போயி ஒரு இன்ஜினியரப் புடிச்சாந்து, பெல்ட்டு எதனால அறுந்துச்சுன்னு எழுதி வாங்கிட்டு வா'ன்னு அவன் பொண்டாட்டிகிட்ட யாரும் சொல்லல. ஆசுபத்திரிக்கு மட்டும் ஏன் இப்படி?"

ஆறு மாதம் புத்தகம் படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. ஆம்! 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அன்றே வகுத்து வைத்த முறை அதுதான். விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டியது சுரங்கத்தாரின் கடமை. உயிர்ச்சேதம் நேர்ந்திருந்தால் இரண்டு மாதத்துக்குள் விசாரிக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தில் சுரங்கம் அறிந்த பொறியாளர்களே ஆய்வாளர்களாக இருக்கிறார்கள். அவர்களும் பொறியாளர்கள்தாம், சுரங்கத்தை நடத்துவோரும் பொறியாளர்கள்தாம். ஒரே கல்லூரியில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம். ஆனாலும் ஆய்வாளர் வருகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். ஏனெனில் அவரை அனுப்புவது அரசு. இறந்தவனின் மனைவி அல்லள்.

இன்னும் சில எடுத்துக்காட்டுகளை எண்ணிப் பாருங்கள். தெருச் சண்டையில் ஒருவன் மண்டை உடைந்தால் காயச் சான்றிதழை எழுதுபவர் அரசு மருத்துவர். சந்தேக மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை செய்பவர் அரசு மருத்துவர். அடிபட்டவனோ இறந்தவனின் உறவினரோ டாக்டரைத் தேடி அலைவதில்லை. நுகர்வோர் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. வாங்கிய பொருளில் குறையா என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும் என்றால், மாவட்ட ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். கலப்பட எண்ணெய்க்கு உள்ள இந்த ஏற்பாடு கலங்கிப்போன கைக்கு இல்லை என்பது எவ்வளவு விந்தை!

எழும்பூர் வழக்கு காட்டும் பாதை

ஆணையமே நிபுணரைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1996 ஆகஸ்டு இறுதியில் சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில், இருபத்தொன்பதாம் வாரத்தில், பிறந்தது. எடை 1,250 கிராம். ஏறத்தாழ நான்கு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரைக்கு வரக்கூடிய நோயைப் பற்றிப் பெற்றோருக்கு யாரும் எச்சரிக்கவில்லை. கண்ணைப் பரிசோதிக்கவும் இல்லை. தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. குழந்தை பார்வையை இழந்தது.

வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. ஆணையம் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திடம் கருத்துக் கேட்டது. அங்கே மருத்துவர் குழு ஒன்று அமைந்து அறிக்கை தந்தது. குறைமாதக் குழந்தை இந்நோயுடன் பிறப்பதில்லை. பிறந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் அது தொடங்குகிறது. அந்தச் சமயத்தில் கண் பரிசோதனை கட்டாயம் என்று அக்குழு எழுதியது. அதாவது, குழந்தை மருத்துவமனையில் இருந்த நாட்களே பார்வையைக் காத்திருக்கக்கூடிய நாட்கள்! அந்த அறிக்கையை ஒட்டித்தான் கவனக்குறைவு உறுதியாயிற்று. தேசிய ஆணையம் 2009-இல் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று அதைச் சுமார் 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? "மருத்துவன் மருத்துவனைக் காட்டிக் கொடுக்க மாட்டான்" என்னும் பேச்சு முழு உண்மை அன்று. நோயாளி தனியே போய்க் கேட்டபோது பேனாவை மூடிக்கொள்ளும் அதே வர்க்கம், அதிகாரம் உள்ள இடத்திலிருந்து கேள்வி வந்தபோது உள்ளதை உள்ளபடி எழுதியது. மாமாவிடம் நான்காவது டாக்டர் சொன்னதும் இதைத்தானே? "கோர்ட்டு கேட்டா நான் சொல்வேன்." குறை மருத்துவரின் மனச்சாட்சியில் மட்டும் இல்லை; கேட்கும் முறையிலும் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1996-இல் பிறந்த குழந்தைக்கு 2015-இல் முடிவான நீதி கிடைத்தது. பத்தொன்பது ஆண்டுகள்! அத்தனை காலம் நின்று போராட எத்தனை குடும்பங்களால் முடியும்? தில்லி வரை போகாமல் மாவட்டத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தால் மட்டுமே அது ஏழைக்குப் பயன்படும்.

என்ன செய்யலாம்?

என் சிற்றறிவுக்கு எட்டியவரை சில யோசனைகளை முன்வைக்கிறேன். பெரியோர் திருத்தட்டும்.

முதலாவது, மருத்துவப் புகார் ஒன்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வந்து, முதற்பார்வையில் ஆராயத்தக்கது என்று தோன்றினால், ஆணையமே அதை நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். கருத்துக் கடிதம் இல்லை என்ற காரணத்தால் வாசலிலேயே யாரையும் திருப்பி அனுப்பலாகாது.

இரண்டாவது, அக்குழு வேறு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்து வழக்கைத் தஞ்சாவூரோ மதுரையோ பார்க்கட்டும். ஒரே மேடையில் உட்கார வேண்டியவர் என்ற தயக்கமும் இராது. ஒரே ஊரில் தொழில் செய்யும் போட்டியும் இராது.

மூன்றாவது, மருத்துவமனையின் கேஸ் ஷீட் முழுவதையும் ஆணையமே உடனே வரவழைக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எங்களுக்கு அப்போது அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. இதைப் படிக்கும் நண்பர்கள் தயவுசெய்து இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, குழுவுக்குக் காலக்கெடு வேண்டும். சுரங்க விபத்துக்கு இரண்டு மாதம் போதுமென்றால் ஒரு கேஸ் ஷீட்டைப் படிக்க மூன்று மாதம் தாராளம். 'தவறு இல்லை' என்று ஒரு வரி எழுதினால் போதாது. ஏன் இல்லை என்று காரணம் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, அந்த அறிக்கை ஒரு கருத்தாக இருக்கட்டும். தீர்ப்பாக ஆகிவிட வேண்டாம். இருதரப்பும் அதைக் கேள்வி கேட்க உரிமை வேண்டும். நிபுணர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. சொன்னது அறிவுக்குப் பொருந்த வேண்டும் என்று இங்கிலாந்திலேயே 1997-இல் பொலித்தோ வழக்கில் முடிவாகியிருக்கிறது.

"அரசு மருத்துவர்களுக்கு ஏற்கெனவே வேலைச் சுமை மிகுதி, இதையும் ஏற்றலாமா?" என்று கேட்கலாம். நியாயமே. ஆகவே இதற்குத் தனி ஊதியமும் தனி நேரமும் அரசு ஒதுக்க வேண்டும். "வீண் வழக்குகள் பெருகுமே!" என்றும் கேட்கலாம். வீண் வழக்கை மூன்று மாதத்தில் முடித்து வைப்பதும் அதே அறிக்கைதான். நேர்மையான மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த கேடயம் வேறில்லை. ஊர் வாயை மூடச் சுவரொட்டியால் ஆகாது. வேற்றூர்க் குழு காரணத்தோடு எழுதிய ஒரு தாளால் ஆகும்.

நம் பங்கு

மருந்தைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் என நான்கு பேரையும் பொருளையும் அதில் சேர்த்தார். நோய் தீர நால்வகைத் துணை வேண்டுமானால், நோய் தீராதபோது உண்மை அறியவும் ஒரு துணை வேண்டாமா? அத்துணையாக இருக்க வேண்டியது அரசு.

நம் கல்லூரியில் படிக்கும் பலரும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீட்டுக் காகிதங்களைப் படித்துச் சொல்ல நம்மைத்தான் வீட்டார் கூப்பிடுவார்கள். நம்மில் சிலர் நாளை சட்டக் கல்லூரிக்குப் போவார்கள். சிலர் அரசு அலுவலகங்களில் அமர்வார்கள். அன்றைக்கு ஒரு கொத்தனார் மடங்கிய விரல்களோடு வந்து நின்றால், "கடிதம் கொண்டு வா" என்று அவரை அனுப்பிவிடாமல், "நாங்களே கேட்டுச் சொல்கிறோம், உட்காருங்கள்" என்று சொல்லும் முறை அந்த மேசையில் இருக்க வேண்டும். அந்த முறையை உண்டாக்க இன்றே நாம் பேச வேண்டும், எழுத வேண்டும். மாண்புமிகு பேராசிரியர்களும் இதற்குத் துணைநின்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

மாமா இப்போது கட்டட வேலை நடக்கும் இடங்களில் சிமெண்டு மூட்டைகளுக்குக் காவல் இருக்கிறார். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, நான் இந்தக் கட்டுரையை எழுதப்போவதாகச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இடக்கையால் வலக்கை விரல்களைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பணம் வரலன்னு எனக்கு வருத்தம் இல்லடா. தப்பு அவரு மேலயா, எந் தலையெழுத்தா? அத மட்டும் தெரிஞ்சவங்க யாராச்சும் வாயத் தொறந்து சொல்லியிருந்தா போதும்."

அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்.